தேரி மணலில் மினி டிராக்டர்: சங்கிலி, பாரப்பெட்டி, டயர்த் தண்ணீர், மூன்றும் போட்டுப் பார்த்த அனுபவம்

மினி டிராக்டர் டயருக்கு இரும்புச் சங்கிலி செய்து மாட்டினால் சறுக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அதுவும் திசையன்விளை, குட்டம், இட்டமொழி பக்கத்துச் செம்மணலில் ஓட்டுவதற்கென்று சொன்னால், தலையாட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நான் தலையாட்டிவிட்டு நேரே திருநெல்வேலிப் பேட்டையில் உள்ள வெல்டிங் பட்டறைக்குப் போனேன், 6,800 ரூபாய் போச்சு. வண்டியின் பின்னால் பாரத்துக்காக மாட்டுகிற பாரப்பெட்டி நல்ல சாமான், வாங்கலாம். டயரில் தண்ணீர் ரொப்பியது பரவாயில்லை ரகம். எல்லாவற்றையும் விட அதிகமாக உதவியது கிட்டத்தட்ட காசே இல்லாத ஒரு வேலை, அதைச் சொன்னவர் உவரிக் கடற்கரையில் படகு இழுக்கிற டிராக்டர்காரர். நானே அதைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன், அதனால் நீங்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

எங்கள் விளை (தோட்டம்) திசையன்விளையிலிருந்து கடற்கரைக்குப் போகிற பக்கம், தேரியின் ஓரத்தில் இருக்கிறது. முருங்கை, கொஞ்சம் கொல்லாமரம் (முந்திரி), சுற்றிலும் பனை. தார் ரோட்டிலிருந்து உள்ளே போக 400 மீட்டர் மண்பாதை. தேரியைப் பார்க்காதவர்களுக்கு: இரும்புத் துரு ஏறிச் சிவந்த, சலித்து வைத்தது போன்ற மணல், மேடு மேடாகக் கிடக்கும், காய்ந்திருந்தால் காலை வைத்த இடத்தில் கால் நிற்காது. ஆனி பிறந்ததிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற தென்மேற்குக் காற்று காற்றாலைக்காரர்களுக்குப் பணமாகவும் எங்களுக்கு மணலாகவும் வந்து சேரும். ஆடியில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் வேலி ஓரம் முழங்கால் அளவு ஏறிவிடும், பாதையின் குறுக்கே வரப்பு வரப்பாகப் படுத்துக்கொள்ளும். பைக் போகாது. காய் ஏற்ற வருகிற லோடு ஆட்டோத் தம்பி தார் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு, "அண்ணாச்சி, உள்ள வரமாட்டேன், போன தடவ மாட்டி அரை நாளு போச்சு, சுமந்து கொண்டாங்க" என்பான்.

ஆள் வைத்து மண்வெட்டியால் அள்ளிப் பார்த்தோம், கூலி கட்டுப்படியாகவில்லை, அள்ளிப் போட்டதைக் காற்று மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தது. அப்புறம்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு மினி டிராக்டர் வாங்கினேன். இருபத்துச் சொச்சம் குதிரைச் சக்தி, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வகை, பின் டயர் 8.3-20 அளவு, முன்னால் மணல் தள்ள 4½ அடி பிளேடு பூட்டியிருந்தது. கம்பெனிப் பெயரை எழுதவில்லை, இது வண்டியின் குறை இல்லை. ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற எந்த வண்டியைக் கொண்டுவந்து இந்த மணலில் விட்டாலும் இதே பாடுதான் படும். பிளேடில் மணல் பாதி நிறைந்ததும் என்ஜின் சிரமமே இல்லாமல் உறுமும், பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், வண்டி ஒரு அடி நகராது. நாலு சுற்று கூடச் சுற்றவிட்டால் அச்சு வரைக்கும் புதைந்து வயிறு தரையில் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் பனமட்டையும் சாக்கும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் திணிக்கிற வேலை.

அக்காவும் அத்தானும் கனடாவில் இருக்கிறார்கள், டொரோண்டோவுக்கு வடக்கே பாரி என்கிற ஊர். (முல்லைக்குத் தேர் கொடுத்தவருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, நானும் கேட்டுவிட்டேன்.) பக்கத்தில் ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் வளைகுடா, அதன் மேல் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் பனியாகக் கொட்டும். எங்களுக்கு மலையைத் தாண்டி மணல், அவர்களுக்கு ஏரியைத் தாண்டிப் பனி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன். அத்தானிடம் கோடையில் புல் வெட்டவும் குளிர்காலத்தில் முன்னால் பிளேடு பூட்டிப் பனி தள்ளவும் ஒரு தோட்ட டிராக்டர் இருக்கிறது, எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோ இருக்கும், நம் ஊர் மினி டிராக்டருக்கு அது பேரன் மாதிரி. அதுவும் முதல் வருஷம் அவர் வீட்டுச் சரிவான வாசல் பாதையில் ஏற முடியாமல் பின்னால் வழுக்கிக்கொண்டே வந்ததாம். புல்லுக்கென்று செய்த டயர், புல் நசுங்கக் கூடாதென்று பூ வேலை ஆழமில்லாமல் இருக்கும், அந்தப் பள்ளத்தில் பனி அடைத்துக்கொண்டால் டயர் வழவழவென்று ஆகிவிடும்.

ஜனவரியில் வீடியோ காலில் அவர் சங்கிலி மாட்டியிருந்ததைக் காட்டினார். ஏணி மாதிரி இருக்கிறது: டயரின் இரண்டு பக்கமும் சுற்றி ஓடுகிற நீளச் சங்கிலி, நடுவில் படிப்படியாகக் குறுக்குச் சங்கிலி. ரெண்டு கண்ணிக்கு ஒரு குறுக்கு, நாலு கண்ணிக்கு ஒரு குறுக்கு என்று ரெண்டு வகை உண்டாம். நாலு கண்ணி மலிவு, ஆனால் குறுக்குக்கும் குறுக்குக்கும் இடையில் வெறும் டயர் தரையில் படும்போது வழுக்கும், வண்டி தடக் தடக்கென்று குதிக்கும். ரெண்டு கண்ணியில் எந்நேரமும் ஏதாவது ஒரு படி தரையில் இருக்கும். மாட்டுவதற்கும் முறை இருக்கிறது, டயரில் காற்றைக் குறைத்து, சங்கிலியைப் போர்த்தி, கொக்கியைக் கடைசிக் கண்ணி வரை இழுத்துப் போட்டு, பிறகு காற்றடித்தால் டயர் உப்பிச் சங்கிலியைக் கவ்விக்கொள்ளும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். "மாப்ள, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு ஏறுது. நீயும் செஞ்சு போடு, அங்கன லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்?" என்றார். நம் ஊர் சைஸுக்கு அங்கிருந்து அனுப்பவும் முடியாது, அவர் டயர் 23 அங்குல உயரம்தான்.

பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. பெயர் வேண்டாம், மனிதர் நல்லவர், வேலையில் பாதி நல்ல வேலை. திசையன்விளையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய், டயர் அளவை நூலால் எடுத்துக்கொண்டு போனதைக் காட்டி, அத்தான் அனுப்பிய படத்தையும் காட்டி, ரெண்டு கண்ணிக்கு ஒரு குறுக்கு என்று மூன்று தடவை சொன்னேன். புதன்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரப் புதனும் புதன்தானே. ஒன்பது நாள் கழித்துப் போனால் குறுக்குகள் எண்ணிக்கையில் பாதிதான் இருந்தன. கேட்டதற்கு, "அண்ணாச்சி, அவ்வளவு நெருக்கமா போட்டா பாரம் கூடும், உங்களுக்குத்தான் செலவு" என்றார், எனக்குச் செலவு வரக்கூடாதென்று அவர் பட்ட கவலை விலையில் தெரியவில்லை. கொக்கியைச் சாதாரணக் கம்பியில் வளைத்திருந்தார், ரெண்டாம் நாளே ஒரு கொக்கி வாயைப் பிளந்துகொண்டது. பில் கேட்டேன், "எழுதித் தாரேன்" என்றார், இன்றைக்கு வரை எழுதிக்கொண்டிருக்கிறார்.

சரி, பட்டறைக் குறையை விடுங்கள், சங்கிலி ஒழுங்காக இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மாட்டி, பாதையின் முதல் மணல் மேட்டில் பிளேடை இறக்கி, இரண்டாம் கியரில் விட்டேன். ஐந்து விநாடி. சங்கிலியின் ஒவ்வொரு படியும் ஒரு மண்வெட்டி மாதிரி மணலை வெட்டிப் பின்னால் வீசியது. சங்கிலி இல்லாமல் நாலு சுற்றில் புதைகிற வண்டி, சங்கிலியோடு ஒன்றரைச் சுற்றில் புதைந்தது. பன்றி பறித்த குழி மாதிரி ரெண்டு குழி, அதற்குள் ரெண்டு சக்கரம். படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி, காலையில்தான் பதில் வந்தது, சிரிப்பு பொம்மை நாலு, அப்புறம் ஒரு கேள்வி: "மாப்ள, எனக்குப் பனிக்கு அடியில தார் இருக்கு. உனக்கு மணலுக்கு அடியில என்ன இருக்கு?"

மணல்தான் இருக்கிறது. விஷயமே அதுதான், 6,800 ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். பனியில் அரையடியோ ஒரு அடியோ கீழே போனால் கெட்டித் தரை வந்துவிடும், அல்லது வண்டிகள் ஏறி இறுகிப்போன ஐஸ் இருக்கும். சங்கிலி பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கி அதைக் கடிக்கிறது, அந்தக் கடியில்தான் வண்டி நகர்கிறது. தேரியில் பத்து அடி தோண்டினாலும் கடிக்க ஒன்றும் கிடைக்காது. பனியில் எவ்வளவு கடிக்கிறாயோ அவ்வளவு நல்லது, மணலில் எவ்வளவு கிழிக்காமல் மேலேயே மிதந்து போகிறாயோ அவ்வளவு நல்லது. நேர் எதிர்.

பாரத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ கூட வராது. ஈரமானதும் தள்ளித் தள்ளி இறுகியதும் நாலைந்து மடங்கு ஆகும் என்பது வேறு. காய்ந்த மணல் எடுத்த எடுப்பிலேயே 1,500 கிலோவுக்கு மேல். என் பிளேடு நிறைய மணல் என்றால் இருநூறு கிலோவுக்குக் குறையாது, அதே அளவு பூம்பனியை அக்கா மகன் தூக்கிவிடுவான். அதனால் பனி தள்ளுகிறவர்கள் சொல்கிற எந்த எண்ணையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது, அங்கே அவர்கள் சக்கரத்துக்கு 20, 25 கிலோ வார்ப்பிரும்பு வட்டு ஒன்று மாட்டி, பின்னால் ரெண்டு மணல் பை கட்டினாலே நல்ல மாற்றம் தெரிகிறதாம். எனக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆனால் பாரம் என்கிற யோசனை தப்பில்லை. அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா மகன் வயல் வேலை செய்கிறான், தாமிரபரணி வாய்க்கால் பாசனம், கார், பிசானம் ரெண்டு போகமும் தொழியடிக்கிறவன். அவன் ஊரில் எல்லோரும் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டுவதற்கான அகலமான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டுவார்கள், அதைத் தருகிறேன் என்றான். சேற்றுக் களிமண்ணில் டிராக்டர் நிற்பது அகலத்தினால், பரப்பு கூடினால் பிடிப்பு கூடும், பாரத்தை ஏற்றினால் மேலும் அமுங்கத்தான் செய்யும். காய்ந்த மணலில் ஒட்டுகிற குணமே கிடையாது, குருணைக்கும் குருணைக்கும் நடுவில் உரசல் மட்டும்தான், மேலிருந்து அமுக்கினால்தான் அந்த உரசல் கூடும். ஆகவே மணலில் பாரம் பிடிப்பைக் கூட்டும், கூடவே புதைதலையும் கூட்டும். ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்த வேண்டும். கேஜ் வீலை வேண்டாமென்றுவிட்டேன். விளைக்கும் வீட்டுக்கும் நடுவில் தார் ரோடு, அதன் மேல் இரும்புச் சக்கரத்தோடு ஏறினால் ரோடு பெயரும், ஊரே சண்டைக்கு வரும், பிடித்தால் அபராதம் வேறு.

பாரப்பெட்டிக்கு அதே பட்டறைதான். ஏன் மறுபடி அங்கேயே போனாய் என்று வீட்டிலும் கேட்டார்கள். பெட்டி, ஆங்கிள், தகடு, இதெல்லாம் அவர் தினமும் செய்கிற வேலை, சங்கிலி அவருக்குப் புதுசு. என் கணக்கு சரியாக இருந்தது. பின்னால் கலப்பை மாட்டுகிற மூன்று பாயிண்டில் மாட்டுகிற மாதிரி ஒரு இரும்புப் பெட்டி, வெறும் பெட்டி 40 கிலோ, உள்ளே ரெண்டு சிமெண்ட் சாக்கு நிறைய மணல் போட்டால் மொத்தம் 150 கிலோ. மணலைத் தள்ள மணலே பாரம், காசு இல்லை. 5,200 ரூபாய், வெல்டிங் நேர்த்தி, முனையெல்லாம் தேய்த்து, கீழே தண்ணீர் இறங்க ஓட்டை கூட அவராகவே போட்டிருந்தார். ரெண்டு நாளில் கொடுத்தார். இந்த வேலைக்கு அந்தப் பட்டறையைத் தைரியமாகச் சொல்வேன்.

இது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க எடை மேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்தினேன், எடை மேடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார், அதற்கும் முழு ரேட்தான் வாங்கினார். பெட்டி இல்லாமல் 520 கிலோ. பெட்டியோடு 770. வைத்தது 150, ஏறியது 250. மிஷின் கோளாறு இல்லை, ஏற்றத்தின் துலா போலத்தான் இது. பெட்டியின் நடு பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் அச்சும் பின் அச்சும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, பெட்டி பின்னால் அமுக்கும்போது முன்பக்கத்திலிருந்து நூறு கிலோவைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேல் போடுகிறது. முன்னால் பிளேடு தொங்குகிற வண்டிக்கு இது நல்லது, பிளேடின் பாரம் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது சரியாகிவிட்டது. அத்தானும் பனி பிளேடுக்கு இதே காரணத்துக்காகத்தான் பின்னால் மணல் பை கட்டுகிறார்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பிளேடில் ஒன்றும் இல்லாமல், பின்னால் பெட்டியோடு, ஒரு மணல் மேட்டில் நேராக ஏறினேன். முன்சக்கரம் ஒரு சாண் தூக்கியது. கிளட்சை மிதித்ததால் இறங்கிவிட்டது, மிதிக்காமல் விட்டிருந்தால் வண்டி என் மேல் மல்லாந்திருக்கும். இப்போதெல்லாம் பெட்டியைத் தரைக்கு ஒட்டி இறக்கி வைத்துத்தான் ஓட்டுகிறேன், செங்குத்தாக ஏற வேண்டுமானால் ரிவர்ஸில் ஏறுகிறேன். பாரப்பெட்டி வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். டயர் ட்யூபுக்குள் முக்கால் பாகம் தண்ணீர், கால் பாகம் காற்று. டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்குப் பழைய விஷயம்தான். ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வு உச்சியில், கடிகாரத்தின் 12 மணி இடத்தில் வருகிற மாதிரி திருப்பி, வால்வு பின்னைக் கழற்றி, மாடித் தொட்டியிலிருந்து ஓஸ் கொடுத்து, நடுநடுவே காற்றை வெளியே விட்டு, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினால் முக்கால் பாகம் கணக்காக வரும். ஒரு டயருக்கு 55 லிட்டர் போலப் பிடித்தது, நாலு குடத்துக்குக் கொஞ்சம் கூட. ரெண்டுக்கும் சேர்த்து 110 கிலோ, அதுவும் தரைக்குக் கிட்டே, அச்சுக்கும் பேரிங்குக்கும் சுமை ஏறாமல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதை விடவில்லை, ட்யூப் கசிந்தால் ரிம்மைத் தின்றுவிடும். பஞ்சர்க்கடைக்காரர் கூலியும் அடாப்டரும் சேர்த்து 600 ரூபாய்.

அத்தானிடம் இதைச் சொன்னபோது அவருக்குப் பொறாமை. அங்கே வெறும் தண்ணீர் விட்டால் டயருக்குள் ஐஸ் கட்டியாகிவிடும். அதனால் சிலர் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து விடுகிறார்கள், தண்ணீரை விடப் பாரமும் கூட, கடுங்குளிரிலும் உறையாது, ஆனால் கசிந்தால் ரிம் போச்சு. சிலர் கார்க் கண்ணாடி கழுவுகிற நீல திரவம் விடுகிறார்கள், அது மலிவு, ஆனால் தண்ணீரை விடக் கொஞ்சம் லேசு. இன்னும் சிலர் பீட்ரூட் சாறு விடுகிறார்கள். நான் நம்பவில்லை. சர்க்கரை எடுக்கிற வெள்ளை பீட்ரூட்டாம், அந்த ஆலைக் கழிவுச் சாறு, தண்ணீரை விட மூன்றில் ஒரு பங்கு பாரம் கூட, இரும்பையும் அரிக்காதாம். விலைதான் அதிகம். நம் ஊரில் டயருக்குள் தண்ணீர் உறைய வேண்டுமென்றால் சூரியன் லீவு போட வேண்டும், ஆகவே பஞ்சாயத்துக் குழாயே போதும்.

தண்ணீரின் குறை என்னவென்றால் டயருக்குள் காற்று கொஞ்சம்தான் மிச்சம், அதனால் தார் ரோட்டில் ஒவ்வொரு குண்டும் குழியும் முதுகெலும்பில் எண்ணிக்கொள்ளலாம். பிரேக் பிடித்தால் வண்டி கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. பஞ்சர் ஆனால் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், உடை முள் நிறைந்த எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை, இதுவரை ஒரு தடவை ஆகிவிட்டது, பஞ்சர்க்கடைத் தம்பி முகத்தைச் சுளித்துக்கொண்டு ரெண்டு மடங்கு கூலி கேட்டான். நியாயம்தான். வயல் வேலைக்கும் டிரெய்லர் வேலைக்கும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கு நான் தண்ணீரைச் சொல்லமாட்டேன், பெட்டி போதும், வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம்.

பெட்டியும் தண்ணீரும் சேர்ந்து பின் அச்சில் 880 கிலோ. பாதி பிளேடில் நின்ற வண்டி முக்கால் பிளேடு வரை தள்ளியது. ஆனாலும் காய்ந்த மேட்டில் புதைந்துகொண்டுதான் இருந்தது, பாரம் கூடின அளவுக்குப் பள்ளமும் கூடியது. இந்த நிலைமையில்தான் ஒரு நாள் உவரிக்குப் போனேன், மீன் வாங்க. கரையில் ஒருவர் பழைய டிராக்டரில் ஃபைபர் படகைத் தண்ணீரிலிருந்து மணல் மேல் இழுத்துக்கொண்டிருந்தார். டயரில் பூ பாதி தேய்ந்துபோயிருந்தது, சங்கிலி இல்லை, பாரம் இல்லை, அலட்சியமாக இழுத்துக்கொண்டு போகிறார். பேச்சுக் கொடுத்தேன். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி, "காத்து எவ்வளவு வச்சிருக்கிய?"

தெரியவில்லை. வாங்கினபோது இருந்ததுதான், இடையில் தண்ணீர் ரொப்பினபோது பஞ்சர்க்கடையில் அடித்தது. ஊருக்கு வந்து அளந்தால் 28 பி.எஸ்.ஐ. (டயர்க் காற்றழுத்த அளவு). பஞ்சர்க்கடையில் டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு அடிக்கிற அளவையே எனக்கும் அடித்திருக்கிறார்கள். உவரிக்காரர் சொன்னது: "கல்லு மாதிரி வச்சா கத்தி மாதிரி இறங்கும் அண்ணாச்சி. இறக்குங்க. டயரு வயிறு தொங்கணும், ஆனா நெளியக் கூடாது." 12-க்கு இறக்கினேன். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்துதான் அளக்க வேண்டும், கீழே இருந்தால் அளவுக் கருவிக்குள் தண்ணீர் பீய்ச்சும், அதையும் ஒரு தடவை செய்தேன். டயர் தரையில் பதிகிற தடம் நீளத்திலும் அகலத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அதே மேடு, அதே பிளேடு, அதே பாரம். வண்டி புதையவில்லை. முழு பிளேடு மணலைச் சாவகாசமாகத் தள்ளிக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாமல். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துகொண்டு 6,800 ரூபாயை நினைத்துப் பார்த்தேன்.

தேய்ந்த டயர் ஏன் நன்றாக இழுக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. புது டயரின் உயரமான பூ மணலை வெட்டும், தேய்ந்தது மேலேயே உருளும். புது டயர் வாங்க இருந்த யோசனையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

காற்றை இஷ்டத்துக்கு இறக்கவும் கூடாது. ரொம்பக் குறைந்தால் ரிம் சுற்றும், டயர் நிற்கும், உள்ளே ட்யூபின் வால்வுக் கழுத்து அறுந்துவிடும். ரிம்மிலும் டயரிலும் சேர்ந்தாற்போல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வேலை முடிந்து பார்த்தால் ரெண்டு கோடும் விலகியிருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். குறைந்த காற்றில் டயர் தாங்குகிற பாரமும் குறைவு, டயர் கம்பெனி அட்டவணையைப் பார்க்காமல் நான் போட்ட அளவை அப்படியே போடாதீர்கள். டிரெய்லரோடு தார் ரோட்டில் ஏறுவதற்கு முன் திரும்ப அடிக்க வேண்டும், அதற்காக பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். ஆக முழுக்க இலவசம் என்று சொன்னால் பொய். அந்த கம்ப்ரஸர் ஒரு டயருக்கு எடுத்துக்கொள்கிற நேரத்தில் ஒரு டீயும் வடையும் முடித்துவிடலாம், சத்தம் வேறு அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும், ஆனால் வேலை செய்கிறது. அத்தானுக்கு இந்த யோசனை உதவவில்லை. சங்கிலி மாட்டிய டயரில் காற்றை இறக்கினால் சங்கிலி தொளதொளத்துக் கழன்று ஃபெண்டரைக் கிழித்துவிடும் என்றார்.

டிஃப் லாக் (ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற மிதி) பற்றி ஒரு வார்த்தை. ஒரு சக்கரம் மட்டும் சுற்றி மற்றது சும்மா நிற்கும்போது மிதித்தால் ரெண்டும் சேர்ந்து இழுக்கும். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதிக்கக் கூடாது, நிறுத்திவிட்டு மிதிக்க வேண்டும், மிதித்துக்கொண்டே திருப்பக் கூடாது. அத்தானின் வண்டியில் அது இல்லவே இல்லை, தோட்ட டிராக்டர்கள் நிறையவற்றில் கிடையாதாம், அதனால்தான் சங்கிலிக்கும் பாரத்துக்கும் அவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள்.

ஓட்டுகிற விதத்திலும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். காலையில் பனி ஈரம் காய்வதற்குள் தள்ளினால் மணல் கொஞ்சம் இறுகி நிற்கும், பத்து மணிக்கு மேல் அதே இடம் மாவாகிவிடும். பிளேடைத் தரையோடு உரசவிடாமல் ஒரு விரல் உயர்த்திப் பிடித்தால் சறுக்குவது பாதி குறையும். பிளேடு நிறையும் வரை காத்திருக்காமல் முக்காலில் ஒதுக்கிவிட வேண்டும். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற கால் தானாகவே அமுங்கும், அதைத்தான் அடக்க வேண்டும், உடனே கிளட்ச், அப்புறம் வந்த தடத்திலேயே ரிவர்ஸ். அத்தானும் பனி விழுந்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு தடவை தள்ளிவிடுவார், கார் ஏறி இறுகிவிட்டால் அப்புறம் பிளேடு அதன் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

ஆக, யாராவது கேட்டால்: முதலில் காற்று, அடுத்து பாரப்பெட்டி, தண்ணீர் உங்கள் இஷ்டம். பட்டறைக்குப் பெட்டி செய்ய மட்டும் போங்கள், அளவைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பில்லை சாமான் வாங்கும் முன்னே கேளுங்கள். சங்கிலி இப்போது விளைக் கேட்டில் கிடக்கிறது, ராத்திரி கேட்டைச் சுற்றிப் பூட்டுவதற்கு. ஒரு கொக்கி பிளந்ததால் ஒரு பக்கம்தான் உருப்படி. அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "இது கனடாச் சங்கிலி, பேட்டையில செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.